மாமா திரும்பிப் போன கோட்டை

கோட்டை வாசலுக்குப் பத்தடி முன்னால் மாமா நின்றுவிட்டார். குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். காலுறைகளையும் உருவி பூட்சுக்குள் திணித்து, இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டார். இத்தாலியில் அது இலை உதிரும் மாதம். வாசல் கல்லெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. "இன்னா மாமா, கோயிலா இது?" என்று கேட்டேன். "கோயில் இல்லப்பா. போன தபா பூட்ஸ் போட்டுக்கினு வந்தோம். பூட்சுக்குக் கீழ இன்னா இருக்குதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல" என்றார். பிறகு ஒவ்வொரு அடியையும் முதலில் விரலால் தொட்டுப் பார்த்து, அப்புறம் குதிகாலை இறக்கி, முள்ளுக்காட்டில் நடப்பவரைப் போல உள்ளே போனார். நான் நாலடி தள்ளிப் பின்னால் போனேன். அவர் பக்கத்தில் நடந்து எனக்குப் பழக்கமில்லை. அதற்கு முன் நாலு வருஷமாக நானும் அவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள்.

மாமா என்பது என் அக்காவின் கணவர். நாங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருந்த குடும்பம். அவரும் தறிக்காரர்தான். யுத்த காலத்தில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றபோது, இருபது வயதில் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். புதைத்து வைத்த கண்ணிவெடிகளைத் தோண்டி எடுக்கும் படைப்பிரிவு அது. ஆப்பிரிக்கா போய், இத்தாலி போய், இரண்டு வருஷம் அங்கேயே கிடந்து, அந்த ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் நாக்கில் ஒட்டவைத்துக்கொண்டு திரும்பி வந்தார். நாடு சுதந்திரம் அடைந்த அடுத்த வருஷம் என் அக்காவைக் கட்டிக்கொண்டார். அக்காவுக்கு அப்போது பதினெட்டு வயது. மாப்பிள்ளை உலகம் பார்த்தவர் என்று என் அப்பாவுக்கு ஏகப்பட்ட பெருமை.

கல்யாணமான நாலாம் மாதம் முதல் அடி விழுந்தது. குழம்பில் உப்பு அதிகம் என்றோ, தறியருகே விளக்கைத் தள்ளி வைத்தாள் என்றோ ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அவர் குடிக்கமாட்டார். குடித்திருந்தால் சொந்தக்காரர்களுக்குச் சமாதானம் சொல்ல வசதியாக இருந்திருக்கும். தெளிந்த புத்தியோடு, பட்டப்பகலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிப்பார். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அக்கா அலறமாட்டாள். தெரு கேட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "போதுங்க, போதும்" என்று மட்டும் சொல்வாள். விசித்திரம் என்னவென்றால், அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் அவருடைய கை இன்னும் வேகமெடுக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் என் தறி ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் கேட்டால் நான் மிதியைப் பலமாக மிதித்து, ஊடுநூல் கோத்த நாடாக் கட்டையை வேகமாக எறிவேன். தறிச் சத்தத்தில் மற்றச் சத்தம் அடங்கிப்போகும்.

வெளியிலும் அவர் அப்படித்தான். பங்குனி உத்திரத்தில் ஏகாம்பரநாதர் புறப்பாட்டின்போது அதிர்வேட்டு போட்டவனை, ஜனங்களுக்கு நடுவில் பாய்ந்து, கழுத்தைப் பிடித்துத் தரையில் அமுக்கிவிட்டார். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் கையை எடுக்கவில்லை. அந்த ஆளின் நாக்கு வெளியே வந்துவிட்டது. சாமியைத் தூக்கி வந்தவர்கள் தோளில் சாமியோடு அப்படியே நின்றார்கள். பிறகு தானாகக் கையை விட்டு, எழுந்து, ஒன்றும் நடக்காதவரைப் போல விபூதி வாங்கப் போனார். பட்டாளத்துக்காரர் கோபம் என்று ஊர் அதற்கு ஒரு பேர் வைத்து விட்டுவிட்டது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் காலை, தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தோம். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகள் இழுத்துக் கட்டியிருந்தன. அக்கா இழை அறுந்த இடத்தை முடிந்துகொண்டிருந்தாள். ஒரு முடிச்சு நழுவியது. மாமா பாவுக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கில் கழியை உருவி, அவள் மணிக்கட்டின் மேல் இறக்கினார். எலும்பு முறிந்த ஓசையைத் தெருவே கேட்டது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். கழியின் மறுமுனை என் மூக்கில் விழுந்தது. ரத்தம் கொட்டி வெள்ளைப் பாவு அந்த இடத்தில் சிவந்துபோனது. மூக்கு எலும்பு உடைந்ததைவிட, அன்றைக்கு அவர் முகத்தில் கோபமே இல்லாமல் இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. ஏதோ வேலையை முடிக்கிறவரைப் போன்ற முகம். "இந்தக் கண்ணால ஒரு நாளைக்கு அவரு அடி வாங்கறதைப் பாக்கணும்" என்று அக்காவிடம் சொன்னேன். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அதிலிருந்து நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அக்காவை அழைத்து வரவில்லை. பேச்சை நிறுத்தியதே பெரிய காரியம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருந்தவர்கள் ஒன்றாக இத்தாலிக்குப் போனது கோர்வைப் புடவையால். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று இரண்டையும் கோத்து நெய்யும் அந்தப் புடவைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில், அங்கே ஒரு நகரத்தில் இந்தியக் கைத்தறிக் கண்காட்சி வைத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் முன்னால் நெய்து காட்ட ஒரு ஜோடி வேண்டும் என்று அதிகாரி ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். இத்தாலிய பாஷை தெரிந்த நெசவாளர் காஞ்சிபுரத்தில் மாமா ஒருவர்தான். அவருக்கு இணையாகக் கைவேகம் உள்ளவன் என்று என் பேரைச் சொன்னார்கள். மறுக்கத்தான் நினைத்தேன். விமானம் ஏறும் ஆசை விடவில்லை. அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

கண்காட்சிக் கூடத்தில் தறிக்காரன் கால் இறக்கும் பள்ளத்தைத் தோண்ட முடியாது என்று பலகையால் மேடை அடித்து, அதன் நடுவில் எங்கள் கால்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். பத்து நாள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தோம். அவர் நாடாவை எறிந்தால் நான் கரை நாடாவை எறிய வேண்டும். பேச வேண்டியதே இல்லை. வெள்ளைக்காரப் பெண்கள் சுற்றி நின்று, அண்ணன் தம்பியா என்று கேட்டார்கள். பதினோராம் நாள் எங்களுக்கு விடுமுறை. அதிகாரி தேவாலயம் பார்க்கலாம் என்றார். மாமா, "நானு ஒரு எடத்துக்குப் போவணும். இவனையும் இட்டுக்கினு போறேன்" என்றார். என்னிடம், "வாப்பா. தனியாப் போவ முடியாது என்னால" என்றார். அவர் வாயிலிருந்து முடியாது என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மூன்று மணி நேரம் பஸ். அப்புறம் ஒரு மணி நேரம் மலையேற்றம். திராட்சைக் கொடிகள் காய்ந்து நின்றன. உச்சியில் அந்தக் கோட்டை. எழுநூறு வருஷத்துக்கு முந்தியது என்று சொன்னார்கள். மதிலில் பாதி பழைய கல், பாதி யுத்தத்துக்குப் பிறகு புதிதாக வைத்த கல், நிறம் ஒட்டாமல் தெரிந்தது. வாசல் காப்பாளர் வயதானவர். வெறுங்காலோடு வந்த இந்தியரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்களுக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். அவர் சொல்லச் சொல்ல, மாமா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். வாசல் வளைவுக்கு மேலே சதுரமான ஓட்டைகள் இருந்தன. உள்ளே நுழைந்த எதிரியை இரண்டு கதவுக்கும் நடுவில் அடைத்து, அந்த ஓட்டை வழியாகக் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவார்களாம். கோபுரத்தின் அடியில் ஒரு குழி. கைதியைக் கயிற்றில் இறக்கி, கயிற்றை மட்டும் மேலே இழுத்துக்கொள்வார்களாம். அதில் தம்பியை இறக்கிய அண்ணன் ஒருவன், மேலேயிருந்த கூடத்தில் தினமும் விருந்து வைத்தானாம். கூட வந்த இரண்டு சுற்றுலாக்காரர்கள் குழிக்குள் எட்டிப் பார்த்து, கூவி, எதிரொலி கேட்டுச் சிரித்தார்கள். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் கல்லில் வெட்டிய சண்டைகளை நினைத்துக்கொண்டேன். யானை மிதித்துக் கிடப்பவனின் முகத்தை மழை கரைத்துவிட்டிருக்கும். அதைப் பார்த்து யாரும் துக்கப்படுவதில்லை. சுண்டல் தின்றுகொண்டே நடப்போம்.

மாமா குழியைப் பார்க்கவில்லை. முற்றத்தைக் கடந்து, கீழே இறங்கும் படிக்கட்டின் முன்னால் போய் நின்றார். அடியில் ஒரு மரக்கதவு. திராட்சை ரசம் வைக்கும் நிலவறை என்றார் காப்பாளர். மாமா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பூட்சை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நம்ம ஊரு பக்கத்து திருப்புட்குழிக்காரன் ஒருத்தன், பட்டாளத்துல என்னோட சேந்தவன். ஒரே தட்டுல சாப்புடுவோம். ஜெர்மன்காரன் ராவோட ராவா ஓடிட்டான், கோட்டைய சுத்தம் பண்ணுங்கன்னு அனுப்பினாங்க. வாசல்ல வெச்சிட்டுப் போயிருந்தான் வெடி. இவன் முன்னால காலு வெச்சான். அவ்ளோதான். மண்ணு அடங்கினப்புறம் பாத்தா, இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. உசுரு இருக்குது. என் பேர சொல்லிக்கினே இருக்கான். அவன் பூட்ஸ் காலோட அதோ அந்த செவுத்து மேல கெடந்துச்சி."

காப்பாளர் புரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வாய் நின்னப்புறம் நானு உள்ள வந்தேன். கையில மண்வெட்டி. இந்தக் கதவு தெறந்துது. ஜெர்மன் கோட்டு போட்டவன் ஒருத்தன் கைய தூக்கிக்கினு வெளிய வந்தான். மண்வெட்டிய திருப்பி மொத அடிய கழுத்துல போட்டேன். விழுந்தான். பாஸ்தா, பாஸ்தான்னான். இந்த ஊரு பேச்சுல போதும்னு அர்த்தம். ஜெர்மன்காரன் அப்பிடி சொல்லமாட்டான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் அடிச்சேன். அவன் போதும் போதும்ங்கறான், நான் அடிச்சிக்கினே இருக்கேன். மொகம் இல்லாத போற வரைக்கும் அடிச்சேன். அப்புறம் நிமுந்து பாத்தா, கதவுக்கு உள்ள ஊரு ஜனமே உக்காந்துக்கினு இருக்குது. பொம்பளைங்க, கொயந்தைங்க. குளுருக்குக் கீழ கெடந்த கோட்ட எடுத்துப் போட்டிருக்கான், அவ்ளோதான். முன்னால ஒரு பொண்ணு, வயித்துல புள்ளையோட. அது அழுவல. என்னியே பாத்துக்கினு இருந்துச்சி."

பட்டாளத்து அதிகாரி வந்து, செத்தவன் போட்டிருந்த கோட்டைப் பார்த்துவிட்டு, எதிரி ஒருவன் என்று எழுதிக்கொண்டு போனாராம். யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

எனக்கு அந்தப் படிக்கட்டில் அக்காவின் குரல் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இருபத்து நாலு வருஷமாகக் கேட்ட அதே சொல். "இத்த ஏன் எங்கிட்ட சொல்றே?" என்று கேட்டேன். மரியாதை தானாக விட்டுப்போயிருந்தது. அவர் எழுந்து, காப்பாளரிடம் எதையோ கேட்டார். காப்பாளரின் முகம் மாறியது. மதிலோரம் போய், கீழே கிராமத்தில் ஒரு சிவப்பு ஓட்டு வீட்டைக் கையால் காட்டினார். செத்தவனின் மனைவி அங்கேதான் இருக்கிறாள் என்றார் மாமா.

"வேணாம் மாமா, பஸ்ஸு போயிடும்" என்றேன். அவர் பூட்சை மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்.

கதவு திறந்தே இருந்தது. ஐம்பது வயதை ஒட்டிய பெண், நீளமான பலகையில் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பூரிக்கட்டையைப் போல மூன்று மடங்கு நீளமான உருட்டுக்கட்டை. பக்கத்தில் மகள் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். வயிற்றிலிருந்த பிள்ளை அதுதான் என்று எனக்குச் சட்டென்று விளங்கியது. மாமா வாசலில் நின்றபடி பேசினார். நான்கைந்து வாக்கியம்தான். அந்தப் பெண் தேய்ப்பதை நிறுத்தினாள். ஒரு கேள்வி கேட்டாள். மாமா ஆமாம் என்று தலையசைத்தார்.

அவள் கட்டையோடு வந்து முதல் அடியை அவர் தோளில் போட்டாள். இரண்டாவது காதில் விழுந்தது. மூன்றாவதில் நெற்றி பிளந்து, கண்ணை மறைத்து ரத்தம் வழிந்தது. அவர் இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டு நின்றார். தடுக்கவில்லை, குனியவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை. முழங்கால் மடங்கி உட்கார்ந்த பிறகும் அவள் அடித்தாள். முதுகில், கழுத்தில், தூக்காத கைகளில் விழுந்தது. மகள் ஓடிவந்து தாயின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இழுக்க முடியவில்லை. என்னைப் பார்த்துக் கத்தினாள். பாஷை தெரியாவிட்டாலும் அவள் கேட்டது புரிந்தது. நான் அசையவில்லை. அவர் அடி வாங்குவதைப் பார்க்க வேண்டும் என்று நாலு வருஷமாக ஆசைப்பட்டவன். அன்றைக்கு அது என் கண்ணெதிரே நடந்தது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

கடைசியில் அவளுக்கே மூச்சு வாங்கியது. கட்டையை மேசை மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டையிலிருந்த மாவும் ரத்தமும் பலகையில் ஒட்டின. மாமாவைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் தன் பெயரைச் சொன்னார். அவள் அதைத் தப்பாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் திருத்தினார். மூன்றாம் தடவை சரியாகச் சொன்னாள். அப்புறம் கதவைக் காட்டினாள்.

பஸ்ஸில் என் துண்டால் அவர் தலையைக் கட்டினேன். "இன்னா கேட்டா?" என்றேன்.

"பேரு கேட்டா. இத்தினி வருசமா பேரு தெரியாத திட்டிக்கினு இருந்தாளாம். இனிமே பேரு சொல்லித் திட்டறேன்னா."

மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளோ என்று கேட்டேன். "அதுக்காவ நான் போவலப்பா" என்றார். எதற்காகப் போனார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மறுநாள் தலைக்கட்டோடு தறியில் உட்கார்ந்தார். வழுக்கி விழுந்தார் என்று அதிகாரியிடம் சொன்னோம்.

ஊருக்கு வந்த மறுநாள் பகல், அக்காவை உட்காரவைத்து எல்லாவற்றையும் அவரே சொன்னார். நானும் இருந்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்து, அவள் காலைத் தொடப்போனார். அக்கா காலை இழுத்துக்கொண்டாள். பிறகு பேசியபோது, கல்யாணமான நாள் தொட்டு நீங்க என்றே அழைத்தவள், முதல் தடவையாக நீ என்றாள்.

"அவகிட்ட அடி வாங்கறதுக்குக் ஏரோப்ளேன் ஏறி, கடல் தாண்டிப் போனே. நானு இந்த வூட்லதான இருந்தேன்?"

"நீ அடிம்மா. அடி" என்றார் மாமா.

"எனக்கு அடிக்க வராது. அவளுக்குப் பேரு தெரியாத இருந்துச்சி, இப்ப தெரிஞ்சிது. எனக்கு உன் பேரு இருவத்தி நாலு வருசமாத் தெரியும். அதால எனக்கு இன்னா ஆச்சி?"

"அந்தப் பட்டாளத்துல…" என்று அவர் ஆரம்பித்தார்.

"பட்டாளத்துக்குப் போவாதவன்லாம் அடிக்கலியா இந்தத் தெருவுல? போயிட்டு வந்தவன்லாம் அடிக்கறானா?"

அவ்வளவுதான் பேச்சு. எழுந்து, தன் துணிகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்தாள். எனக்குத் தூக்கக்கூடக் கொடுக்காமல், வளைந்து ஒட்டிய கையாலேயே அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நடுவில் இருந்தது ஒரே சுவர். இருபது காலடி தூரம். அதற்கு இருபத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

மாமா அதற்குப் பிறகு யார் மீதும் கை ஓங்கியதாக நான் கேள்விப்படவில்லை. திருந்திவிட்டார் என்று ஊர் சொன்னது. பக்கத்து வீட்டில் தனியாகப் பொங்கித் தின்று, பதினாறு வருஷம் உயிரோடு இருந்தார். கோர்வைக்கு என் தறிக்கு வருவார், நெய்வார், போவார். அக்கா அவர் வரும் நேரத்தில் பின்கட்டுக்குப் போய்விடுவாள். பெரியவர்கள் நாலு தடவை வந்து பேசிப் பார்த்தார்கள். நாலு தடவையும் மோர் கொடுத்து அனுப்பினாள். அவர் படுக்கையில் விழுந்தபோது என் மனைவியிடம் கஞ்சி கொடுத்தனுப்பினாளே தவிர, வாசற்படி மிதிக்கவில்லை. செத்த அன்றும் போகவில்லை. ஊர் வாய் பேசியது. பேசட்டும் என்று இருந்துவிட்டாள்.

இன்றைக்கு அந்தக் கோட்டை வாசலில் நின்ற மாமாவைவிட எனக்கு முப்பது வயது கூடிவிட்டது. அவரைப் பற்றி யார் கேட்டாலும் இந்தக் கதையை அந்த மாவுக்கட்டையோடு நிறுத்திக்கொள்வதுதான் என் வழக்கம். கேட்பவர்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது. ஆனால் அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த பகலில் நடந்ததை எழுதாமல் விட்டால், இதில் பாதியைத்தான் எழுதினவன் ஆவேன்.

அன்றைக்கு நான் மட்டும் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அக்கா பரிமாறினாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, அவ்வளவு வருஷத்தில் ஒரு தடவையும் கேட்காததைக் கேட்டாள்.

"அந்தப் பொம்பள அடிக்கும்போது நீ இன்னா பண்ணே?"

"நின்னுக்கினு இருந்தேங்கா."

அவள் என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எப்பவும் போலயா?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.